சில்லறை விஷயம்

தமிழில் ‘சில்லறை’ என்ற சொல் பல பொருள்களில் வழங்குகிறது. கடையில் மீதியாகக் கிடைக்கும் சிறு நாணயம் சில்லறை. சிறிது சிறிதாகப் பொருள்களை விற்பது சில்லறை வணிகம். பொருட்படுத்தத் தகாத அற்பமான காரியமும் சில்லறைதான். ‘அது சில்லறை விஷயம், விட்டுத் தள்ளு’ என்கிறோம். கடையில் பில் போடும் இடத்தில் இந்த மூன்று பொருள்களும் ஒன்றாகக் கூடிவிடுகின்றன. அங்கே எழும் சச்சரவுகளை நாம் யாரும் பெரிதாக நினைப்பதில்லை. கடையின் வாசற்படியைத் தாண்டுவதற்குள் மறந்தும் விடுகிறோம்.

அறம் பற்றிய நூல்கள் பெரும்பாலும் பெரிய தருணங்களைப் பற்றியே பேசுகின்றன. ஓர் உயிரைக் காப்பதற்காகப் பொய் சொல்லலாமா? போர்க்களத்தில் எதிரே நிற்கும் உறவினர்மீது அம்பு எய்யலாமா? கொடுத்த வாக்குக்காக நாட்டைத் துறக்கலாமா? இத்தகைய சோதனைகள் நம்மில் பலருக்கு வாழ்நாளில் ஒருமுறைகூட வருவதில்லை. ஆனால் மளிகைக் கடையிலும் மருந்துக் கடையிலும் ரயில் நிலையத்தின் பயணச்சீட்டுச் சன்னலிலும் வாரத்தில் பலமுறை முன்பின் தெரியாத ஒருவர் எதிரே பணத்துடன் நிற்கிறோம். அந்த ஒன்றிரண்டு நிமிடங்களில் நாம் நடந்துகொள்ளும் விதத்துக்கும் அறத்துக்கும் தொடர்பு உண்டா? அல்லது அது வெறும் நாகரிகம், பழக்கவழக்கம் என்ற அளவிலேயே நின்றுவிடுகிறதா? இக்கேள்வியைச் சற்று ஆழ்ந்து சிந்திப்போம்.

கல்லாவின் இரு பக்கங்கள்

முதலில் இரு தரப்பினரின் குறைகளையும் கேட்போம்.

வாடிக்கையாளரின் குறைகள் நமக்கு நன்கு தெரிந்தவை. இரண்டு ரூபாய் மீதி தர வேண்டிய இடத்தில் இரண்டு மிட்டாய்களை எடுத்து வைக்கிறார்கள். ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினால் முகம் சுளிக்கிறார்கள். அலமாரியில் எழுதியிருந்த விலை ஒன்றாகவும் பில்லில் வரும் விலை வேறாகவும் இருக்கிறது. நம் முறை வரும்போது ‘இந்த கவுண்டர் மூடியாகிவிட்டது, அடுத்த வரிசைக்குப் போங்கள்’ என்கிறார்கள். ஒரு சோப்புக் கட்டி வாங்கினாலும் கைபேசி எண்ணைக் கேட்கிறார்கள். நாம் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லாமல் பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

காசாளரின் பக்கம் நின்று பார்த்தால் பட்டியல் வேறு. வாடிக்கையாளர் கைபேசியில் பேசியபடியே வந்து, பேசியபடியே பொருள்களை வைத்து, பேசியபடியே போய்விடுகிறார். எதிரில் ஒருவர் இருந்ததை அவர் கவனிக்கவே இல்லை. எல்லாவற்றையும் பார்கோடு காட்டிக் கூட்டி முடித்த பிறகு, ‘ஒரு நிமிஷம், தயிர் எடுக்க மறந்துவிட்டேன்’ என்று உள்ளே ஓடுகிறார். பின்னால் நிற்கும் பத்துப் பேரும் காசாளரை முறைக்கிறார்கள். மொத்தத் தொகையைச் சொன்ன பிறகுதான் பணப்பையைத் தேடத் தொடங்குகிறார். பில் வந்தபின் இரண்டு பொருள்களை வேண்டாம் என்கிறார். அதை நீக்கும் அதிகாரம் காசாளருக்கு இல்லை, மேற்பார்வையாளர் வர வேண்டும். ‘பணம் போய்விட்டது’ என்று கைபேசியைக் காட்டுகிறார். கடையின் ஒலிபெருக்கியோ மௌனமாக இருக்கிறது. ‘நான் என்ன பொய்யா சொல்கிறேன்?’ என்று குரல் உயர்கிறது.

இவற்றில் ஒன்றுகூடப் பெரிய குற்றம் அன்று. ஆயினும் இரு பக்கங்களுக்கும் இடையே ஒரு முக்கியமான வேறுபாடு உள்ளது. வாடிக்கையாளருக்கு இது நாளில் ஒருமுறையோ இருமுறையோ நேர்வது. காசாளருக்கு இது நாள் முழுவதும் திரும்பத் திரும்ப நேர்வது. ஒரு துளி நீர் தலையில் விழுந்தால் துடைத்துக்கொள்வோம். காலை முதல் இரவு வரை அதே இடத்தில் விழுந்துகொண்டிருந்தால் அதைத் துளி என்று சொல்ல மனம் வருமா?

சினம் ஆளறிந்து வருகிறது

இத்தகைய சந்தர்ப்பங்களில் கடுமையாகப் பேசிவிட்டவர்கள் பின்னால் சொல்லும் சமாதானம் ஒன்று உண்டு: ‘என்னை மறந்து கோபம் வந்துவிட்டது.’ இது உண்மைதானா என்று பார்க்க வேண்டும்.

ஒருவர் கடன் கேட்டு வங்கி மேலாளரின் அறைக்கு வெளியே ஒரு மணி நேரம் காத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு எரிச்சல் இருக்கிறது. ஆயினும் உள்ளே அழைத்ததும் புன்னகையுடன் வணங்குகிறார். அதே மனிதர் அன்று மாலை கடையில் மூன்று நிமிடம் தாமதமானதற்காகப் பில் போடும் பெண்ணிடம் சீறுகிறார். ஒரு மணி நேரத் தாமதத்தில் வராத கோபம் மூன்று நிமிடத்தில் எப்படி வந்தது? காலையில் அவர் தம்மை மறக்கவில்லை, மாலையிலும் மறக்கவில்லை. எதிரில் இருப்பவர் நமக்குத் தீங்கு செய்யக் கூடியவரா இல்லையா என்பதை அவர் மனம் நொடியில் கணக்கிட்டு, மாலையில் மட்டும் கோபத்துக்கு அனுமதி கொடுத்தது. ‘ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோவில் ஆண்டி’ என்ற பழமொழி இந்தக் கணக்கைத்தான் சொல்கிறது.

ரோமானியத் தத்துவ அறிஞர் செனெகா சினத்தைப் பற்றி ஒரு தனி நூலே எழுதியவர். சினத்தின் முதல் அசைவு நம் வசத்தில் இல்லை என்பதை அவர் ஏற்கிறார். திடீரெனக் குளிர்ந்த நீர் பட்டால் உடல் சிலிர்ப்பதைப் போன்றது அது. ஆனால் அந்த அசைவுக்கு அறிவு சம்மதம் தெரிவிக்கும்போதுதான் அது சினமாக உருவெடுக்கிறது என்பது அவர் கருத்து. இதனை ஏற்றால், ‘என்னை மறந்து’ என்ற சமாதானம் நிற்காது. சம்மதம் கொடுத்தவர் நாமே. அதுவும், யாரிடம் கொட்டினால் திரும்பி வராதோ அவரைப் பார்த்துக் கொடுத்திருக்கிறோம்.

நம் நாட்டு மொழிகளில் இதற்கு ஒரு தெளிவான அடையாளமும் இருக்கிறது. ஆங்கிலத்தில் முன்னிலைக்கு ஒரே சொல். இந்தியிலோ ‘ஆப்’, ‘தும்’, ‘தூ’ என்று மூன்று படிகள். வங்காளியிலும் ‘ஆப்னி’, ‘துமி’, ‘துய்’ என்று மூன்று. தமிழில் ‘நீங்கள்’, ‘நீ’. கடையில் வாக்குவாதம் முற்றும்போது விலையோ பொருளோ மாறுவதில்லை. முன்னிலைச் சொல் ஒரு படி இறங்கிவிடுகிறது. ‘சொல்லுங்கள்’ என்பது ‘சொல்லு’ ஆகிறது. ‘ஏம்மா’ என்ற சொல்லில் இருந்த கனிவு போய் அதட்டல் குடியேறுகிறது. எந்தக் கணத்தில் நாம் எதிரில் இருப்பவரை நமக்குக் கீழே வைத்தோம் என்பதை நம் வாயே பதிவு செய்து காட்டுகிறது. வேறு சாட்சி தேவையில்லை.

கல்லாவுக்குப் பின்னால்

நாம் யாரிடம் கோபிக்கிறோமோ அவரது நிலையையும் அறிந்துகொள்வது நல்லது.

கேரளத்தில் கோழிக்கோட்டு மிட்டாய்த் தெரு புகழ்பெற்ற கடைவீதி. அங்குள்ள கடைகளில் பணிபுரிந்த பெண்கள், ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பின் வாயிலாகப் பல ஆண்டுகள் போராடினார்கள். அவர்கள் கேட்டவை என்ன? கழிப்பறைக்குச் செல்லும் வசதி. வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலாவது உட்காரும் உரிமை. நாள் முழுவதும் நின்றே வேலை செய்ய வேண்டும், சுவரில் சாய்வதுகூடக் குற்றம் என்ற நிலையில் அவர்கள் இருந்தார்கள். 2018-ஆம் ஆண்டு கேரள அரசு கடைகள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தருவதைக் கட்டாயமாக்கியது. தமிழ்நாட்டில் 2021-ஆம் ஆண்டு இதே நோக்கத்துடன் சட்டத் திருத்தம் வந்தது. உட்காருவதற்கு ஒரு சட்டம் தேவைப்பட்டது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ‘முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறாள்’ என்று நாம் குறை கூறியபோது, அந்த முகத்தின் கீழே கால்கள் எத்தனை மணி நேரமாக நின்றுகொண்டிருந்தன என்று நாம் கேட்கவில்லை.

பல கடைகளில் இன்னொரு வழக்கமும் உள்ளது. இரவு கணக்கு முடிக்கும்போது கல்லாவில் பணம் குறைந்தால் அது காசாளரின் சம்பளத்தில் பிடிக்கப்படும். ஆகவே அவர் ஐந்நூறு ரூபாய்த் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது நம்மீது சந்தேகப்பட்டு அன்று. கள்ள நோட்டு ஒன்று உள்ளே வந்துவிட்டால் இழப்பு அவருடையது. யு.பி.ஐ. பணம் வந்ததாக ஒலிபெருக்கி சொல்லும் வரை நம்மை நிறுத்தி வைப்பதும் இதே அச்சத்தால்தான்.

நம்மை எரிச்சலூட்டுபவற்றில் பல, காசாளர் வகுத்த விதிகளே அல்ல. கைபேசி எண் கேட்கச் சொல்வது நிர்வாகம். எண்ணைத் தந்தால்தான் பில் என்று வாடிக்கையாளரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023-ஆம் ஆண்டு வணிகர்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. எண் தர விருப்பமில்லை என்று நாம் அமைதியாகச் சொல்லலாம். பைக்குக் காசு வாங்கச் சொல்வதும் நிர்வாகமே. கவுண்டர்களின் எண்ணிக்கையைக் குறைத்து வரிசையை நீளச் செய்வதும் நிர்வாகமே. ஆனால் நிர்வாகம் எங்கோ ஒரு மாடியில் இருக்கிறது. அதன் சார்பில் நம் ஏச்சுகளை வாங்கிக்கொள்வதற்காக ஒருவர் முன்னே நிறுத்தப்பட்டிருக்கிறார். நாம் அவரையே கடை என்று எடுத்துக்கொள்கிறோம்.

அவரும் இதே தவற்றைச் செய்கிறார். அவருக்கு எதிரில் நிற்பவர் ஒரு மனிதராகத் தெரிவதில்லை. சீக்கிரம் நகர்த்தப்பட வேண்டிய ஒரு வரிசையின் முனையாகத் தெரிகிறார். ஒருவர் மற்றவரைக் கடையாகக் காண்கிறார். மற்றவர் இவரை வரிசையாகக் காண்கிறார். கடைக்கும் வரிசைக்கும் நடக்கும் சண்டையில் இரண்டு மனிதர்கள் காணாமல் போய்விடுகிறார்கள்.

‘மட்டும்’ என்ற சொல்

ஜெர்மானியத் தத்துவ மேதை இம்மானுவேல் காண்ட் 1785-இல் வெளியிட்ட அறநெறி நூலில் ஒரு கடைக்காரரை உதாரணமாகக் காட்டுகிறார். விவரம் அறியாதவர் வந்தாலும் அவர் கூடுதல் விலை வாங்குவதில்லை. ஒரு குழந்தைகூட அவர் கடையில் மற்றவர்களைப் போலவே ஏமாறாமல் வாங்கலாம். இவர் அறவழியில் நிற்பவரா? ‘அப்படிச் சொல்லிவிட முடியாது’ என்கிறார் காண்ட். நேர்மையாக இருந்தால் வியாபாரம் பெருகும் என்ற கணக்கில் அவர் நேர்மையாக இருக்கலாம். செயல் கடமைக்கு இசைந்ததாக இருக்கிறது. ஆனால் கடமை உணர்விலிருந்து பிறந்ததா என்பது வேறு கேள்வி.

அதே நூலில் காண்ட் மற்றொரு நெறியையும் வகுக்கிறார். எந்த மனிதரையும், நம்மையும் சேர்த்து, கருவியாக மட்டும் நடத்தக் கூடாது. எப்போதும் அவரை ஒரு முடிந்த குறிக்கோளாகவும் மதிக்க வேண்டும் என்பது அது. இதனை எடுத்துச் சொல்பவர்கள் சில வேளைகளில் ‘மட்டும்’ என்ற சொல்லை விட்டுவிடுகிறார்கள். அதை விட்டால் நெறியே நடைமுறைக்கு ஒவ்வாததாகிவிடும். காசாளர் நமக்குக் கருவிதான்; பொருளை வாங்கிக்கொண்டு வீடு செல்ல அவர் உதவுகிறார். நாமும் அவருக்குக் கருவிதான். நம் வருகையால் அவருக்குச் சம்பளம் கிடைக்கிறது. இதில் இழிவு ஏதும் இல்லை. உலகம் இவ்வாறு ஒருவரையொருவர் சார்ந்தே இயங்குகிறது. கருவியாக ‘மட்டும்’ காணும்போதுதான் அறம் தவறுகிறது. அந்த ஒரு சொல்லின் இடைவெளியை நிரப்பப் பெரிய தியாகம் எதுவும் தேவையில்லை. கைபேசியைக் காதிலிருந்து எடுத்துவிட்டு முகத்தைப் பார்ப்பதே போதுமானது.

இங்கே ஒரு தடை எழலாம். ‘நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களுக்குப் புன்னகை புரியவும் வணக்கம் சொல்லவும் பயிற்சி தருகின்றனவே, பணிவு அவர்கள் வேலையின் ஒரு பகுதிதானே?’ என்று கேட்கலாம். அமெரிக்க சமூகவியல் அறிஞர் ஆர்லி ஹாக்ஷீல்ட் 1983-இல் எழுதிய நூலில் இதைத்தான் ஆராய்ந்தார். விமானப் பணிப்பெண்களின் புன்னகையும், கடன் வசூலிப்பவர்களின் கடுமையும் சம்பளத்துக்காக உற்பத்தி செய்யப்படும் உணர்ச்சிகள் என்று காட்டினார். உடலுழைப்பைப் போலவே உணர்ச்சியும் ஓர் உழைப்பாகிவிடுகிறது. அதற்குரிய களைப்பும் அதில் இருக்கிறது என்பது அவர் முடிவு.

ஆழ்ந்து பார்த்தால் ஒரு விந்தை புலப்படும். காசாளரின் புன்னகை கட்டளையால் வருவது. அது இல்லாவிட்டால் அவருக்கு அபராதம். நம் புன்னகைக்கு யாரும் கட்டளையிடவில்லை. அது இல்லாவிட்டாலும் நமக்கு ஒரு தீங்கும் இல்லை. எனவே காண்ட் தேடிய அந்த அறச்செயல், கல்லாவின் இரு பக்கங்களில் வாடிக்கையாளரின் பக்கத்திலேயே அதிகத் தெளிவாக நிகழக் கூடும். கட்டாயம் இல்லாதவர் காட்டும் பண்பே பண்பு. நாம் அதைக் கட்டாயம் உள்ளவரிடம் எதிர்பார்த்து நிற்கிறோம்.

மேலிருந்து விழும் நாணயம்

இதுவரை கூறியவற்றால் காசாளர் எப்போதும் எளியவர், வாடிக்கையாளர் எப்போதும் வலியவர் என்று கருதிவிடக் கூடாது. அதிகாரம் ஆளுக்கு ஆள் இடம் மாறும்.

கூலி வேலை முடிந்து வரும் ஒருவர் அரை லிட்டர் எண்ணெய் வாங்கிக்கொண்டு, முடிச்சை அவிழ்த்து நாணயங்களாக எண்ணித் தருகிறார். நேரமாகிறது. காசாளர் பெருமூச்சு விடுகிறார். பின்னால் நிற்பவர்களைப் பார்த்துக் கண்ணால் எதையோ சொல்கிறார். ஒரு சொல்கூடப் பேசவில்லை. ஆனால் அந்த மனிதர் மறுமுறை அந்தக் கடைக்குள் வரத் தயங்குவார். இங்கே வலியவர் கல்லாவுக்குப் பின்னால் இருக்கிறார்.

மீதிச் சில்லறையைத் தரும் விதமும் கவனிக்கத் தக்கது. நீட்டிய கையில் வைக்காமல் மேசையில் வீசுவது, கை படாமல் மேலிருந்து போடுவது ஆகியவை பெரும்பாலும் அவசரத்தில் நேர்பவை. எனினும் நம் நாட்டில் இச்செய்கைக்கு ஒரு நீண்ட, கசப்பான வரலாறு உண்டு. சாதியின் பெயரால், கடையின் வாசலுக்கு வெளியே நிற்க வைத்து, தூரத்தில் காசை வைக்கச் சொல்லி, பொருளைத் தூக்கிப் போட்ட காலம் நெடுங்காலம். 1950 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த நம் அரசியல் சாசனம் தீண்டாமையை ஒழிக்கும் 17-ஆவது பிரிவோடு நிற்கவில்லை. 15-ஆவது பிரிவில், மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றைக் காரணமாகக் காட்டி எந்தக் குடிமகனையும் கடைகளுக்குள் வரவிடாமல் தடுக்கக் கூடாது என்று ‘கடைகள்’ என்ற சொல்லைத் தனியே குறிப்பிட்டே கூறுகிறது. ஒரு நாட்டின் அடிப்படைச் சட்டத்தில் இடம்பெற்ற இடம் கடை. அங்கே நடப்பதைச் சில்லறை விஷயம் என்று எப்படித் தள்ளுவது?

நாணயத்தை மேலிருந்து போடுபவருக்கு அந்த வரலாறு நினைவில் இல்லாமல் இருக்கலாம். பெற்றுக்கொள்பவரின் கை அதை மறந்திருக்காது. ஆகவே செய்பவரின் எண்ணத்தைக் கொண்டு மட்டும் ஒரு செயலின் எடையை அளக்க முடியாது. அது எந்தக் கையில் போய் விழுகிறது என்பதும் கணக்கில் சேரும். கல்லாவுக்கு எந்தப் பக்கமானாலும், அந்தக் கணத்தில் யாரிடம் வலிமை மிகுதியோ அவருக்கே பொறுமையின் கடமையும் மிகுதி. இந்த ஒரு நெறியைக் கைக்கொண்டால் ‘யார் முதலில் பணிவது’ என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

ஒரு ரூபாயைக் கேட்கலாமா?

‘அப்படியானால் மீதி வர வேண்டிய ஒரு ரூபாயை விட்டுவிட வேண்டுமா? ஏமாற்றினாலும் புன்னகைக்க வேண்டுமா?’ என்று ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்வியே. பொறுமை என்ற பெயரில் அநீதியைத் தாங்கிக்கொள்வது ஆன்மிகம் ஆகாது.

மகாபாரதத்தின் சாந்தி பருவத்தில் துலாதாரர் என்ற வணிகரின் கதை வருகிறது. ஜாஜலி என்ற முனிவர் அசையாது நின்று தவம் செய்தார். அவரது சடைமுடியில் பறவைகள் கூடு கட்டிக் குஞ்சு பொரித்தன. அவை பறந்து போகும் வரை அவர் அசையவில்லை. தாம் தர்மத்தின் எல்லையை அடைந்துவிட்டதாக அவருக்குப் பெருமிதம் உண்டாயிற்று. அப்போது, ‘காசியில் வாழும் துலாதாரருக்கு நீ ஈடாக மாட்டாய், அவரும்கூட இப்படிச் சொல்லிக்கொள்ள மாட்டார்’ என்று ஒரு குரல் ஒலித்தது. முனிவர் தேடிச் சென்றபோது அந்த மகான் கடையில் அமர்ந்து சரக்குகளை விற்றுக்கொண்டிருந்தார். தம் தராசு எல்லா உயிர்களுக்கும் சமமாக நிற்கிறது என்பதே தம் விரதம் என்று அவர் விளக்கினார். வாங்க வருபவர் வேண்டியவரா, வேண்டாதவரா, புகழ்பவரா, இகழ்பவரா என்று அந்தத் தராசு பார்ப்பதில்லை.

துலாதாரரின் தராசில் இரண்டு செய்திகள் உள்ளன. ஒன்று, அளவு சரியாக இருக்க வேண்டும். ஒரு ரூபாயானாலும் உரியவருக்குச் சேர வேண்டும். மற்றொன்று, தட்டு நடுங்கக் கூடாது. கோபத்தில் நடுங்கும் கை சரியாக நிறுக்காது. கேட்பது வேறு, சினப்பது வேறு. ‘ஒரு ரூபாய் மீதி வர வேண்டும்’ என்ற சொற்களில் உரிமை முழுவதும் அடங்கியிருக்கிறது. அதற்கு மேல் நாம் சேர்க்கும் ஒவ்வொரு சொல்லும் அந்த ஒரு ரூபாயைப் பற்றியதாக இருப்பதில்லை. நம்மைப் பற்றியதாகவே இருக்கிறது.

மிட்டாயைத் திருப்பித் தந்து நாணயம் கேட்பது தவறில்லை. மிட்டாய் செலாவணி ஆகாது. ஐம்பது காசு நாணயம் இன்றும் சட்டப்படி செல்லும். 2011 ஜூன் 30 முதல் புழக்கத்திலிருந்து விலக்கப்பட்டவை இருபத்தைந்து காசும் அதற்குக் கீழ்ப்பட்டவையுமே. பத்து ரூபாய் நாணயம் செல்லாது என்று வதந்தி பரவியபோது, அதன் பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிவித்தது. இவற்றைத் தெரிந்துகொண்டு, அமைதியாக எடுத்துச் சொல்வது இருவருக்கும் நன்மை. தவறான விலையைச் சுட்டிக்காட்டுவதும், தேவையானால் நிர்வாகத்திடம் எழுத்து மூலம் முறையிடுவதும் கடமையே. புகார் அதிகாரம் உள்ளவரிடம் போய்ச் சேரட்டும். அதிகாரம் இல்லாதவர்மீது கொட்டிவிட்டு வந்தால் தவறும் திருந்தாது, நம் மனமும் திருந்தாது.

அன்றாட சாதனை

எபிக்டெட்டஸ் என்ற கிரேக்க ஞானி இளமையில் அடிமையாக வாழ்ந்தவர். பொதுக் குளியல் இடத்துக்குச் செல்வோருக்கு அவர் ஒரு யோசனை கூறினார். அங்கே தண்ணீரை வாரி இறைப்பவர்கள், இடித்துத் தள்ளுபவர்கள், திட்டுபவர்கள், திருடுபவர்கள் இருப்பார்கள் என்பதைப் புறப்படும் முன்பே நினைத்துக்கொள்ள வேண்டும். ‘நான் குளிக்க விரும்புகிறேன், அதோடு என் மனத்தை அதன் இயல்பில் காக்கவும் விரும்புகிறேன்’ என்ற இரண்டு நோக்கங்களுடன் செல்ல வேண்டும். முதல் நோக்கம் தடைப்பட்டாலும் இரண்டாவதை யாரும் தடுக்க முடியாது.

கடைக்குச் செல்லும்போதும் இவ்வாறே எண்ணிப் பழகலாம். வரிசை இருக்கும், சில்லறை இருக்காது, பார்கோடு படியாது, இணையம் தடைப்படும். இவை வழியில் வரும் மேடுபள்ளங்கள். பட்டியலில் உள்ள பொருள்களோடு, இன்று ஒருவரையும் சிறுமைப்படுத்தாமல் திரும்புவது என்ற ஒன்றையும் சேர்த்துக்கொண்டு புறப்படுவோம்.

சில எளிய பழக்கங்கள் இதற்கு உதவும். நம் முறை வருவதற்கு முன்பே பணத்தை எடுத்து வைத்துக்கொள்வது. கவுண்டரில் நிற்கும் வரை கைபேசியில் பேசாதிருப்பது. சில்லறை இருந்தால் தாமாகவே தருவது. முன்னால் நிற்கும் முதியவர் நாணயம் எண்ணும்போது கடிகாரத்தைப் பார்க்காதிருப்பது. காசாளராகப் பணிபுரியும் அன்பர்களும், மீதியைக் கையில் வைப்பது, எளியவரின் பொருளையும் செல்வந்தரின் பொருளையும் ஒரே கவனத்துடன் பையில் இடுவது என்பதைத் தம் விரதமாகக் கொள்ளலாம். துலாதாரருக்குத் தராசு எதுவோ அதுவே அவர்களுக்குப் பில் இயந்திரம்.

2016-இல் யு.பி.ஐ. அறிமுகமான பிறகு சில்லறைப் பிரச்சினை பல இடங்களில் குறைந்திருக்கிறது. க்யூ.ஆர். அட்டையைக் காட்டிப் பைசா பிசகாமல் செலுத்திவிடுகிறோம். ஆனால் சச்சரவு குறைந்ததா? நாணயத்தைப் பற்றிச் சண்டையிட்டவர்கள் இப்போது ‘பணம் வந்ததா, வரவில்லையா’ என்று சண்டையிடுகிறார்கள். சில்லறை போனாலும் சினம் போகவில்லை. அதற்கு நாணயம் ஒரு சாக்காக இருந்தது. இப்போது இயந்திரம் சாக்காகிவிட்டது.

பெரிய சோதனைகள் வரும்போது நாம் நன்றாக நடந்துகொள்வோம் என்று எல்லோரும் நம்புகிறோம். அதற்கு வேண்டிய மனவலிமை அந்த வேளையில் வானத்திலிருந்து இறங்கி வராது. யாரும் கவனிக்காத இடத்தில், திருப்பிப் பேச முடியாத ஒருவர் முன்னிலையில், இரண்டு நிமிடம் காத்திருக்கும்போது நாம் எப்படி இருந்தோமோ அதுவே நம் கையிருப்பு. அடுத்த முறை கடையில் வரிசை நீளும்போது, ‘இவரிடத்தில் இப்போது என் மேலதிகாரி இருந்தால் எப்படிப் பேசுவேன்?’ என்று ஒரு கணம் கேட்டுக்கொள்வோம். வரும் விடையின்படியே எதிரில் இருப்பவரிடம் பேசுவோம்.